நாட்டுக்கு ஒருவர்: உலகக் கோப்பை பௌலிங்கின் கதை

கேபிள் டி.வி. நம் வீடுகளுக்குள் நுழைந்த புதிதில், அதாவது 1990-களில், விளையாட்டுச் சானலைத் திருப்பினால் சில சமயம் ஒரு வினோதமான ஆட்டம் கண்ணில் படும். பளபளக்கும் நீண்ட மரத்தரை. ஒருவர் நாலைந்து எட்டு நடந்து வந்து, கனமான பந்து ஒன்றைத் தரையோடு உருட்டிவிடுவார். தூரத்தில் முக்கோணமாக நிற்கும் பத்து வெள்ளைக் கட்டைகள் தடதடவென்று சரியும். கூட்டம் ஆர்ப்பரிக்கும்.

அப்போது கும்பகோணத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்த என் தகப்பனார், "இதுக்கு நம்ம ஊர் கோலிக்குண்டு எவ்வளவோ தேவலை. அதுல வெயில்லயாவது நிக்கணும்" என்பார். நானும் சிரித்துக்கொண்டே சானலை மாற்றிவிடுவேன்.

அந்த ஆட்டத்தை உட்கார்ந்து பார்க்க வைத்தவள் என் மகள். 2016-ல் பெங்களூரிலிருந்து தில்லிக்கு மாற்றலாகி வந்தோம். மத்திய அரசு உத்தியோகஸ்தர் வீட்டுக் குழந்தைகளுக்கு இது புதிதில்லை. பதினோராம் வகுப்பில் சேர்ந்தபோது அது அவளுக்கு நாலாவது பள்ளிக்கூடம். பெங்களூரில் தமிழ் பேசவும் ஆள் உண்டு, தோழிகளும் உண்டு. இங்கே வகுப்பில் அவள் இந்தியைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பது எங்களுக்குப் பல நாள் கழித்துத்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வருவாள், சாப்பிடுவாள், கதவைச் சாத்திக்கொள்வாள்.

பெங்களூரில் ஒரு பயிற்சியாளரிடம் ஒரு வருஷம் பௌலிங் கற்றிருந்தாள். அவள் கைக்கு அளவாகத் துளையிட்ட பந்து ஒன்றும் வாங்கிக் கொடுத்திருந்தோம். பெண்ணைக் கொஞ்சம் வெளியே அழைத்துப் போகலாமே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை குருகிராமில் ஒரு மாலுக்குக் கூட்டிப் போனேன். அங்கே பௌலிங் லேன்கள் இருந்தன. முதல் பந்து இலக்கைத் தாண்டிப் போயிற்று. இரண்டாவதும் அப்படியே. பந்தைத் துடைத்தபடி அவள் கேட்டாள்: "அப்பா, பெங்களூர்ல நல்லா வளைஞ்ச பந்து இங்கே மட்டும் ஏன் நேரா போகுது?"

எனக்குத் தெரியவில்லை. அன்று இரவு இரண்டு பேருமாகத் தேடிப் படித்தோம். பழைய உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களின் பதிவுகளை அவள் டி.வி.யில் போட்டுக் காட்டினாள். அப்படித் தெரிந்துகொண்டதைத்தான் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

பத்துக் கட்டை, பதினாறு பவுண்டு

ஆட்டம் எளிது. பந்து விடும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை 60 அடி. லேனின் அகலம் சுமார் மூன்றரை அடி. கட்டைகளைப் 'பின்' என்கிறார்கள். ஒவ்வொன்றும் 15 அங்குல உயரம், ஒன்றரைக் கிலோ எடை. பந்து அதிகபட்சம் 16 பவுண்டு, நம் கணக்கில் ஏழேகால் கிலோ.

ஒரு ஆட்டத்துக்குப் பத்துச் சுற்று. சுற்றுக்கு இரண்டு பந்து. முதல் பந்திலேயே பத்தும் விழுந்தால் 'ஸ்ட்ரைக்'. அந்தப் பத்தோடு அடுத்த இரண்டு பந்துகளில் விழுவதும் சேரும். இரண்டாவது பந்தில் மீதியையும் வீழ்த்தினால் 'ஸ்பேர்'. அதற்கு அடுத்த ஒரு பந்தின் கணக்கு சேரும். தொடர்ந்து பன்னிரண்டு ஸ்ட்ரைக் அடித்தால் 300. அதற்கு மேல் எண்ணிக்கை கிடையாது.

பார்ப்பவர்களுக்குப் பந்து பத்துப் பின்களையும் இடித்துத் தள்ளுவதாகத் தோன்றும். உண்மையில் வலதுகைக்காரர் ஒருவர் கச்சிதமாக ஸ்ட்ரைக் அடிக்கும்போது பந்து நாலே நாலு பின்களைத்தான் தொடுகிறது. மற்ற ஆறையும் அந்த நாலே ஒன்றையொன்று தள்ளிச் சாய்க்கின்றன. கேரம் ஆடியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஸ்ட்ரைக்கரின் வேகத்தைவிட அது எந்தக் கோணத்தில் படுகிறது என்பதுதான் காயை விழ வைக்கும்.

இங்கேயும் கோணம்தான் முக்கியம். முதல் பின்னை நேருக்கு நேர் அடித்தால் இரு ஓரத்திலும் ஒவ்வொன்று நின்றுவிடலாம். சற்றுப் பக்கவாட்டில் வளைந்து வந்து, முதல் பின்னுக்கும் அதன் பக்கத்துப் பின்னுக்கும் இடையே பந்து நுழைய வேண்டும். அதற்குத்தான் பந்து வளைய வேண்டும்.

டப்ளினில் தொடங்கியது

பௌலிங்குக்கு எத்தனையோ போட்டிகள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்துப்போனது 'பௌலிங் உலகக் கோப்பை'. 1965-ல் அயர்லாந்தின் டப்ளின் நகரில் தொடங்கியது. முதல் கோப்பையை வென்றவர் பின்லாந்தின் லௌரி அயான்டோ. 1972 முதல் பெண்களுக்கும் தனியாகக் கோப்பை வந்தது.

நடத்தியது ஏ.எம்.எஃப். என்ற அமெரிக்கக் கம்பெனி. சிகரெட் செய்யும் இயந்திரங்களில் தொடங்கிய கம்பெனி அது. விழுந்த பின்களைத் தானாகவே எடுத்து நிறுத்தும் இயந்திரத்தை 1940-களிலும் 50-களிலும் கொண்டுவந்து பௌலிங்கின் தலையெழுத்தை மாற்றியது. அதற்கு முன் லேனின் கோடியில் சிறுவர்கள் உட்கார்ந்திருந்து, ஒவ்வொரு பந்துக்கும் குதித்து இறங்கிக் கட்டைகளைக் கையால் அடுக்குவார்களாம். 2005-ல் இத்தாலியின் க்யூபிகாவோடு அந்தக் கம்பெனி கைகோத்த பிறகு, கோப்பையும் 'க்யூபிகா ஏ.எம்.எஃப்.' பெயரில் நடந்தது.

இந்தக் கோப்பையின் விதி ஒன்றுதான் என்னை ஈர்த்தது. ஒரு நாட்டிலிருந்து ஓர் ஆண், ஒரு பெண். அவ்வளவுதான். பௌலிங் கொடிகட்டிப் பறக்கும் அமெரிக்காவுக்கும் ஒன்றுதான், நாடு முழுக்கத் தேடினாலும் சில லேன்களே தேறும் நாட்டுக்கும் ஒன்றுதான். பெரிய தேசம் என்பதற்காகக் கூட ஒரு நாற்காலி போட மாட்டார்கள்.

பலன் என்ன தெரியுமா? 1999-ல் லாஸ் வேகாஸில், அதாவது அமெரிக்க மண்ணிலேயே, ஆண்கள் கோப்பையை வென்றவர் கத்தாரின் அகமது ஷாஹீன். 2006-ல் பெண்கள் கோப்பை, 25 லட்சம் மக்கள்கூட இல்லாத லாட்வியாவின் டயானா ஸாவ்யலோவாவுக்குப் போனது. 2008-ல் சிங்கப்பூரின் ஜாஸ்மின் யோங்-நாதன். 2010, 2011 இரண்டு வருஷமும் டொமினிக்கன் குடியரசின் ஆவ்மி குவெர்ரா. 2012-ல் மலேசியாவின் ஷாபிக் ரித்வானும் சிங்கப்பூரின் ஷேய்னா இங்கும். அமெரிக்கர்களும் வென்றிருக்கிறார்கள். 2014-ல் கிறிஸ் பார்ன்ஸ் வென்றார். ஆனால் அவரும் தம் நாட்டின் ஒற்றை ஆண் வீரராகத்தான் வந்து நின்றார்.

ஒலிம்பிக்கில் பௌலிங் 1988-ல் சியோலில் காட்சிப் போட்டியாக மட்டும் நடந்தது. ஆண்களில் தென் கொரியாவின் குவோன் ஜோங்-யுல், பெண்களில் பிலிப்பைன்ஸின் அரியான் செர்டேன்யா வென்றார்கள். அதன் பிறகு ஒலிம்பிக் கதவு திறக்கவில்லை. ஆகவே சின்ன நாட்டுக்காரர் ஒருவர் தம் கொடியோடு நடந்து வந்து உலகத்தின் முன் நிற்க இந்தக் கோப்பை பெரிய வாய்ப்பாக இருந்தது.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

இப்போது என் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

அந்த மரத்தரை பளபளப்பது மெழுகினால் மட்டுமல்ல. லேனின் முன்பகுதியில், ஏறத்தாழ 40 அடி வரை, மெல்லிய எண்ணெய்ப் பூச்சு உண்டு. கடைசி 20 அடி வறண்டிருக்கும். சுழற்றிவிட்ட பந்து எண்ணெய்மேல் வழுக்கிக்கொண்டே போகும். வறண்ட இடம் வந்ததும் தரையைப் பற்றிக்கொண்டு வளையும். எண்ணெய் நீளமாக இருந்தால் பந்து தாமதமாக வளையும், குறைவாக இருந்தால் சீக்கிரமே வளைந்துவிடும்.

மாலில் நாம் பொழுதுபோக்காக ஆடும் லேனில் பொதுவாக நடுவில் எண்ணெயை அதிகமாகவும் ஓரங்களில் குறைவாகவும் போட்டிருப்பார்கள். கொஞ்சம் தப்பாக விட்டாலும் பந்து நடுவுக்கு வந்து சேரும். போட்டிகளில் அந்தச் சலுகை கிடையாது. எண்ணெயைப் பரவலாகப் போட்டுவிடுவார்கள். தவறு தவறாகவே போகும்.

இதில் இன்னொரு சங்கடம். எண்ணெய் இருந்த இடத்தில் இருப்பதில்லை. ஒவ்வொரு பந்தும் கொஞ்சம் துடைத்து எடுத்துக்கொண்டு போகிறது, கொஞ்சத்தை வேறிடத்தில் தடவுகிறது. காலையில் பலித்த வழி மத்தியானம் பலிக்காது. எண்ணெயைக் கண்ணால் பார்க்க முடியாது. பந்து போகும் போக்கைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும்.

நல்ல ஆட்டக்காரர்கள் பின்களைக் குறி பார்ப்பதில்லை. லேனில் 39 பலகைகள். கோட்டுக்கு அப்பால் சுமார் 15 அடியில் ஏழு அம்புக்குறிகள். எந்தப் பலகையில் நின்று எந்த அம்புமேல் பந்தை ஓட்டுவது என்பதுதான் கணக்கு. பந்து பிசகினால் நிற்கும் இடத்தை ஒரு பலகையோ இரண்டு பலகையோ தள்ளிக்கொள்கிறார்கள். "லேன் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு அங்கேயே நிற்பவர் தோற்றுப்போகிறார்.

நாலு ஊர், நாலு கோப்பை

இந்தக் கலையில் கரைகண்டவர் பிலிப்பைன்ஸின் பாயெங் நெபோமுசெனோ. 1957-ல் பிறந்தவர். இடதுகைக்காரர். பயிற்சி கொடுத்தவர் அவருடைய தகப்பனார் ஏஞ்சல்.

1976-ல் ஈரானின் தெஹ்ரானில் உலகக் கோப்பையை வென்றபோது அவருக்கு வயது 19. அடுத்து 1980-ல் இந்தோனேசியாவின் ஜகார்த்தா. அதன்பின் பன்னிரண்டு வருஷம் கோப்பை கைக்கு வரவில்லை. இனி அவ்வளவுதான் என்று பலரும் நினைத்திருக்கக்கூடும். 1992-ல் பிரான்ஸின் லெ மான் நகரில் வென்றார். 1996-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் நாலாவது முறை. மூன்று வெவ்வேறு பத்தாண்டுகளில் வென்றவர் என்று கின்னஸ் புத்தகத்தில் இடம் பெற்றார்.

இந்த இருபது வருஷத்தில் பந்தே மாறிப்போயிருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1970-களில் பாலியெஸ்டர் பந்து. 80-களின் தொடக்கத்தில் யூரிதேன் வந்தது, அது தரையை அதிகம் பற்றியது. 90-களின் தொடக்கத்தில் வந்த 'ரியாக்டிவ் ரெசின்' பந்து அதைவிடக் கூர்மையாக வளைந்தது. பந்து மாற மாற எண்ணெய் போடும் முறையும் மாறியது. மரத்தரைக்குப் பதில் செயற்கைத் தளங்களும் வந்தன. பத்தொன்பது வயதில் கற்ற வித்தையை வைத்துக்கொண்டு முப்பத்தொன்பது வயதில் வென்றிருக்க முடியாது. நடுவில் பலமுறை முதலிலிருந்து கற்றிருக்க வேண்டும்.

இடதுகைக்காரருக்கு இந்த ஆட்டத்தில் ஒரு தனித்தன்மை உண்டு. பெரும்பாலோர் வலதுகைக்காரர்கள். லேனின் வலது பக்கத்தில் எண்ணெய் சீக்கிரம் கலைந்துவிடும், இடது பக்கம் கலையாது. அது லாபம். ஆனால் முன்னால் ஆடியவரின் பந்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ளவும் ஆள் குறைவு. தன் பாதையைத் தானே கண்டுபிடிக்க வேண்டும். அது சிரமம். லாபமும் சிரமமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

1993-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் இருந்த பௌலிங் புகழ் மாளிகையில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். வாழ்நாளில் அவர் பெற்ற பட்டங்கள் நூற்றுக்கும் மேல்.

டி.வி. செய்த மாற்றம்

என் தகப்பனார் கேலி செய்த அந்த டி.வி. காட்சிக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் ஏ.பி.சி. சானல் 1962 முதல் 1997 வரை சனிக்கிழமை மத்தியானங்களில் பௌலிங்கைக் காட்டியது. 1967 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆக்ரன் நகரில் ஜாக் பியாண்டோலில்லோ தேசிய டி.வி.யில் பன்னிரண்டு ஸ்ட்ரைக்கும் அடித்து 300 எடுத்ததை இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

டி.வி.க்குப் பொருத்தமாக அமைந்தது 'படிக்கட்டு' முறை. பல நாள் ஆடித் தேறியவர்களில் கீழ்ப்படியில் இருக்கும் இருவர் முதலில் மோதுவார்கள். வென்றவர் ஒரு படி ஏறி அடுத்தவரைச் சந்திப்பார். உச்சிப்படியில் முதலிடக்காரர் காத்திருப்பார். பார்ப்பவருக்கு விறுவிறுப்புத்தான். ஆனால் வாரம் முழுக்க முன்னணியில் இருந்தவர், கடைசியில் ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்று இரண்டாமிடத்தோடு வீடு திரும்புவதும் உண்டு. பத்து மாதம் நன்றாகப் படித்து, பரீட்சை மூன்று மணி நேரத்தில் கோட்டைவிடும் பிள்ளைகளை நமக்குத் தெரியாதா?

2000-ல் இங்கிலாந்தில் 'வெபர் கோப்பை' தொடங்கியது. அமெரிக்க வீரர் டிக் வெபரின் பெயரில் அமைந்த இந்தப் போட்டியில் அமெரிக்காவும் ஐரோப்பாவும் அணிகளாக மோதின. பெரிய அரங்கின் நடுவில் லேனைத் தற்காலிகமாகப் போட்டு, விளக்கும் பாட்டும் ஆரவாரமுமாக, டி.வி.க்கென்றே நடத்தப்பட்ட போட்டி. பார்க்க உற்சாகமாகத்தான் இருந்தது. ஆனால் நாட்டுக்கு ஒருவராக எழுந்து வரும் காட்சியில் இருந்த கனம் எனக்கு அதில் கிடைக்கவில்லை.

டி.வி.யின் பெரிய உபகாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பந்து கையைவிட்டுப் போய்ப் பின்னைத் தொட இரண்டரை விநாடி ஆகிறது. அந்த இரண்டரை விநாடியும் ஆட்டக்காரருக்குச் செய்ய ஒன்றுமில்லை. கேமரா அவர் முகத்தைக் காட்டும். உதட்டைக் கடிப்பார், ஒரு காலில் நின்றபடி சாய்வார், கையால் காற்றைத் தள்ளுவார். பிள்ளையைப் பரீட்சைக் கூடத்துக்குள் அனுப்பிவிட்டு வாசலில் நிற்கும் தகப்பன் முகம்தான் அது.

நம் நாட்டில்

ஆசிய விளையாட்டில் பௌலிங் முதலில் இடம் பெற்றது 1978-ல் பாங்காக்கில். அடுத்து 1982-ல் நம் தில்லியில் நடந்த ஆசியாட்டில் அது இல்லை. 1986-ல் சியோலில் மறுபடி வந்தது. ஆக, நம் வாசலுக்கு வந்த விருந்தாளி உள்ளே வராமலே போய்விட்டார்.

பிறகுதான் பெரிய நகரங்களில் லேன்கள் வந்தன. கர்நாடகத்தின் ஷேக் அப்துல் ஹமீத் பலமுறை தேசியச் சாம்பியன். தமிழ்நாட்டின் ஷபீர் தன்கோட்டும் தேசியச் சாம்பியனாகி இந்தியாவுக்காக ஆடியவர். பெண்களில் தமிழ்நாட்டின் சபீனா அத்திகா பெயர் பெற்றவர். நம் பத்திரிகைகளில் இவர்கள் பெயர் ஒரு மூலையில் நாலு வரியில் வந்து போகும். பயிற்சிக்கு இவர்களுக்குக் கிடைப்பவை பெரும்பாலும் வாடிக்கையாளர் பொழுதுபோக்குக்காகப் போட்ட லேன்கள்தான். மாலின் சுலபமான எண்ணெயில் பழகி, உலகப் போட்டியின் கடினமான எண்ணெயில் போய் நிற்பது எவ்வளவு சிரமம் என்று இப்போது எனக்குப் புரிகிறது.

அந்த உலகக் கோப்பை 2019-ல் இந்தோனேசியாவின் பலேம்பாங்கில் 55-வது முறையாக நடந்தது. 2020-ல் கொரோனா வந்தது. போட்டி நடக்கவில்லை. ஐம்பத்தைந்து வருஷம் ஊர் ஊராகச் சுற்றிய அந்தத் தேர் பலேம்பாங்கோடு நிலைக்கு வந்துவிட்டது.

இரண்டு பலகை

மறுபடி என் மகளிடம் வருகிறேன். எண்ணெய் விஷயம் தெரிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் அதே மாலுக்குப் போனோம். முதல் பந்து போன போக்கைப் பார்த்தாள். இரண்டு பலகை தள்ளி நின்றாள். மூன்றாவது பந்தில் பத்தும் விழுந்தது. திரும்பிப் பார்த்து அவள் சிரித்தது தில்லிக்கு வந்து நான் பார்த்த முதல் சிரிப்பு.

அவள் சாம்பியன் ஆகவில்லை. மாவட்டப் போட்டி வரைகூடப் போகவில்லை. பன்னிரண்டாம் வகுப்புப் படிப்பு வந்ததும் பந்து பரண்மேல் ஏறிவிட்டது. ஆனால் அந்த வருஷத்தில் வகுப்பில் ஒரு தோழி கிடைத்தாள், அப்புறம் இன்னொருத்தி. தன் இந்தியைக் கேட்டுச் சிரித்தவர்களோடு சேர்ந்து தானும் சிரிக்கப் பழகினாள். பௌலிங்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதுவரை "நம்மிடம்தான் ஏதோ குறை" என்று நினைத்திருந்த பெண்ணுக்கு, கை சரியாகத்தான் இருக்கிறது, ஊரின் எண்ணெய்தான் வேறு என்று ஒருநாள் தெரிந்தது. அதை எங்களால் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

போன வருஷம் வேலை கிடைத்துத் தனியாகப் புனேக்குப் போனாள். நாங்கள் யாரும் கூடப் போகவில்லை. ரயில் ஏறும்போது பெட்டி ஏற்கெனவே கனம். பரணிலிருந்து அந்தப் பந்தையும் இறக்கி வைத்திருந்தாள். "இதை எதுக்கும்மா சுமக்கிறே?" என்று அவள் அம்மா கேட்டாள்.

முதல் வாரம் போனில் குரல் கம்மியிருந்தது. ஆபீஸ் பிடிக்கவில்லை, சாப்பாடு சரியில்லை, பக்கத்து அறைப் பெண் பேசுவதில்லை. எனக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று தெரியவில்லை. ரயில்வே பிளாட்பாரத்தில் நின்ற தகப்பனாகவே அந்த வாரம் முழுக்க இருந்தேன். இரண்டாவது ஞாயிறு அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, இன்னிக்கு லேனுக்குப் போனேன். முதல் நாலு பந்தும் கோட்டை."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, தள்ளி நின்னேன்" என்றாள்.